வரி வந்தது சித்திரையில்

ஜாசின் பாசாருக்குப் பின்னால், பஸ் திரும்புகிற முக்கைத் தாண்டிப் போனால் சாமிநாதன் முதலாளியின் பாக்குக் கொட்டகை. கொட்டகை என்று பேர்தானே ஒழிய, பாதி வேலைக்குமேல் வெட்டவெளியில்தான். கம்பத்துக் கிராமங்களிலிருந்து மலாய்க்காரர்கள் சைக்கிளில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டும் காயைப் பலகையில் பதித்த கத்தியில் வைத்து ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்ததைப் பாயில் பரப்பி வெயிலுக்குக் காட்ட வேண்டும். நாலைந்து நாள் நல்ல வெயில் கிடைத்தால் பருப்பு தோலைவிட்டு விலகும். வளைகத்தியால் அதை நோண்டி எடுத்து, நல்லது சொத்தை பிரித்து, சாக்கில் கட்டினால் மலாக்காவுக்கு லாரி, அங்கிருந்து கப்பல், அப்புறம் நாகப்பட்டினம். அதை மெல்லுகிற வாய்க்கு ஜாசின் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பதினெட்டுப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். எல்லார் விரலும் பாக்குக் கறையில் கறுத்திருக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, சாம்பல் தேய்த்தாலும் போகாது. அவர்களில் முத்தாயிக்குத்தான் கை வேகம். ஒருத்தி வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் முத்தாயி இருபது காய் பிளந்துவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவள் தலையில் கல்லைப் போட்டது.

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் கொளுத்திய வெயில் ஒரு மணிக்கு ஓடிப்போயிற்று. ஜாசின் மழை சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை. முதல் சொட்டு விழுந்ததும் திரேசா "ஏய், பாயி! பாயி!" என்று கத்த, பதினெட்டுப் பேரும் சோற்றுக் கையோடு ஓடினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது குடையோடு முதலாளி வந்தார்.

"மெதுவா, மெதுவா. விழுந்து கிழுந்து வெச்சிராதீங்க. நனைஞ்சா நனையட்டும்."

முத்தாயி பாயைச் சுருட்டுவதை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருசமாக அந்தக் கொட்டகையில் இருக்கிறாள். ஒரு பாய் நனைந்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுசன், நனையட்டும் என்கிறார்.

எல்லாரையும் கூரைக்குக் கீழே கூப்பிட்டு, குடையை மடக்கிவிட்டு அவர் சொன்னார்: "ஊர்ல கவர்மெண்டு வரி ஏத்திட்டான். உரிச்ச பாக்குக்குக் கூட வரி, தோலோட போற காய்க்குக் கம்மி வரி. இங்க உரிச்சு அனுப்பினா எனக்குக் கையக் கடிக்குது. இனிமே காயாவே கப்பல் ஏத்தி, அங்க வெச்சு உடைக்கப் போறேன். இந்த மாசத்தோட இங்க வேலை முடிஞ்சிச்சு. என்னக் குத்தம் சொல்லாதீங்கம்மா. வரியச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.  திரேசாதான் ஆரம்பித்தாள். அவளுக்கு வாயை மூடிக்கொண்டு துக்கப்படத் தெரியாது.

"ஏண்டி, வரி வரிங்குறாரே, அவன் எப்படி இருப்பான்? கையில மட்டும் கெடைக்கட்டும்லா, இந்தக் கத்தியில வெச்சு ஒரே அழுத்து!"

"கடலுக்கு அந்தாண்ட இருக்கிறவன் வரி போட்டா இங்க என் அடுப்பு எப்படி அணையுது?" என்றாள் இன்னொருத்தி.

"அவன் வெளங்குவானா? அவன் குடும்பம் வெளங்குமா?"

ஆளாளுக்கு வரியைத் திட்டினார்கள். திட்டத் திட்ட மனசு கொஞ்சம் ஆறியது. அன்னம்மா மட்டும் திட்டவில்லை. அவள் எல்லாரிலும் மூத்தவள், நாற்பத்தைந்து இருக்கும். சுருட்டிய பாயின் மேல் உட்கார்ந்து, "எனக்கு அப்போ நியாலாஸ்தான்," என்றாள்.

 நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் அன்னம்மாவின் புருசன் காளிமுத்து செத்தான். வெள்ளைக்காரப் பட்டாளமும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளும் மோதின எமர்ஜென்சி வந்த இரண்டாம் வருசம். விடியற்காலை பால்மரம் வெட்டப் போனவனை நாலாம் நம்பர் நெரையிலேயே, மர வரிசைக்கு நடுவிலேயே, சுட்டுவிட்டார்கள். காட்டுக்காரன் சுட்டான் என்று ஒரு பேச்சு, பட்டாளத்துக்காரன் ஆள் தெரியாமல் சுட்டான் என்று ஒரு பேச்சு. பக்கத்து நெரையில் வெட்டிக்கொண்டிருந்த அன்னம்மா வெடிச் சத்தம் கேட்டு ஓடியபோது, அவன் மங்குக் கிண்ணத்துப் பால் எல்லாம் சிந்திய இடத்தில் குப்புறக் கிடந்தான். இனி ரப்பர் காட்டில் கால் வைப்பதில்லை என்று அடுத்த வாரமே ஜாசினுக்கு வந்தவள் அவள். கொட்டகையில் அவளுக்கு இடம் சொல்லி வைத்தவள் முத்தாயி. அன்றிலிருந்து அவளுக்கு இவள் தங்கச்சி, இவளுக்கு அவள் அக்கா.

எல்லாரும் வரியைத் திட்டியபோது முத்தாயி வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது.

போன கார்த்திகை மாதம், விளக்கு வைக்கிற நாளுக்கு முந்தின நாள், முதலாளி தானாக வந்து அவள் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கு நாகப்பட்டினம் பக்கம்தானே முத்தாயி?" என்று கேட்டார்.

"ஆமா மொதலாளி. தெக்கால நாலு கல்லு."

"அங்கெல்லாம் பொம்பளைங்க வேலைவெட்டிக்கு வருவாங்களா?"

தங்கச்சி மீனம்மா ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. முத்தாயி கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது மீனம்மா எட்டு வயசுக் குழந்தை. சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதவளை அப்பாதான் விரலைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அவளுக்கு நாலு பிள்ளை. வருசத்துக்கு ஒரு காகிதம் போடுவாள், காகிதம் முழுக்க மழை இல்லை, நடவு இல்லை, கஞ்சி இல்லை. இங்கே அரிசி ரேசனில் அளந்து போட்டாலும் முத்தாயிக்குச் சோறு இருந்தது. அந்தச் சோறே சில நாள் இறங்காது.

"என்னா மொதலாளி அப்படிக் கேட்டுட்டீங்க? கூப்பிட்டா ஓடி வருவாளுங்க! என் தங்கச்சி மீனம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இருவது பேரச் சேத்துக் குடுப்பா. அவ கை என் கையவிட வேகம்."

"கூலி?"

"இங்க குடுக்கறதுல கால் பங்கு குடுங்க, ஒருவேள சோறு போடுங்க. கும்பிட்டு வாங்கிக்குவாளுங்க."

முதலாளி சிரித்தார். தங்கச்சி பேரையும் ஊரையும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். முத்தாயி அன்றைக்குச் சந்தோசமாகக் காய் பிளந்தாள். கால் பங்கு என்று யார் அவளைக் கேட்டார்கள்? அரை என்று சொல்லியிருந்தால் வாயா வெந்துபோகும்? அந்த நேரத்தில் அவள் நினைத்ததெல்லாம் தங்கச்சி ஒருத்திதான். பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அன்னம்மா நினைப்பிலேயே இல்லை.

சாயங்காலம் ரங்கசாமி லாரியிலிருந்து இறங்கி வந்தான். அவன் முத்தாயியின் புருசன், முதலாளியின் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆள். ஊரடங்குக்கு முன்னால் சாப்பிட்டுப் படுக்கிற அவசரம். அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பாலும் தட்டில் வைத்தாள். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"மொதலாளி கூப்பிட்டுச் சொன்னாரு புள்ள. கொட்டாயி மூடினாலும் லாரி நிக்காதாம். காய ஏத்தணும்ல? எனக்கு வேலை நிரந்தரமாம். உன் பொண்டாட்டிக்காகத்தான்டா உன்ன வெச்சிருக்கேன்னாரு."

"எனக்காகவா?"

"ஆமா. நீ நல்ல வேலைக்காரின்னு சொல்றாரு போல. ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?"

முத்தாயி கார்த்திகை மாதக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். ரங்கசாமி கிழங்கை மென்றபடி கேட்டான். கேட்டு முடித்துத் தண்ணீர் குடித்தான்.

"சரி, சொல்லிட்ட. அதுக்கென்ன இப்போ? வரி ஏறினதாலதான் மூடுறேன்னு அந்த மனுசனே சொல்றாரு. வரிய நீயா போட்ட?"

"நான் போடல."

"அப்புறம்? வாய மூடிக்கிட்டு இரு. வெளிய மூச்சு விட்ட, பதினேழு பேரும் சேந்து உன்ன மண்ண வாரித் தூத்துவாளுக."

வரிதான், வரிதான் என்று அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாரியம்மன் பேரைச் சொல்லுகிற மாதிரி நாலு நாள் சொன்னாள். சொன்னால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஐந்தாம் நாள் அன்னம்மா உப்பு கேட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"தோட்டத்துக்கு ஆள் எடுக்கற மண்டோரப் பாத்துட்டேன் முத்தாயி. ஒண்ணாந்தேதி லாரி வருதாம். லயத்துல தங்க ஒரு காம்ரா குடுக்குறாங்க. இப்போ சுத்தி முள்ளுக்கம்பி போட்டிருக்காங்களாம். காலையில கேட்டுல ஒவ்வொருத்தரையும் தடவிப் பாத்துத்தான் வெளிய விடுவாங்களாம், காட்டுக்காரனுக்குக் குடுக்க மடியில அரிசி கிரிசி இருக்கான்னு."

"வேற எங்கயும் கேட்டுப் பாக்கலாமேக்கா."

"எங்க கேக்க? எனக்குத் தெரிஞ்சது மரம் வெட்டறது, பாக்கு ஒடைக்கறது. எந்த நெரை குடுப்பீங்கன்னு மண்டோரக் கேட்டேன். நாலாம் நம்பர் தவிர எது வேணா குடுங்கன்னேன். பாக்கலாம்மான்னான். அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பய." உப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ எதுக்குடி அழுவுற? உன் வீட்டுக்காரருக்குத்தான் வேலை இருக்குல்ல? அதாச்சும் இருக்கட்டும். எனக்கு அது போதும்."

அவள் போன பிறகு முத்தாயிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து யாருக்குக் காகிதம் வந்தாலும் கொட்டகை விலாசத்துக்குத்தான் வரும். மத்தியானச் சோற்று நேரத்தில் கிராணி விஜயரட்ணம் அதை எல்லாருக்கும் முன்னால் உரக்க வாசிப்பார். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கும் கடிதமும் பார்ப்பவர். ஒருத்திக்கு வந்த காகிதம் பதினெட்டுப் பேருக்கும் வந்த மாதிரி. எந்த ஊரில் யார் பெரிய மனுசி ஆனாள், எந்த மாடு கன்று போட்டது என்று எல்லாரும் கேட்பார்கள், எல்லாரும் அழுவார்கள். காகிதத்தை ஒளித்து வாசிக்கச் சொல்வது அங்கே பெரிய அசிங்கம்.

வேலை முடிய மூன்று நாள் இருக்கும்போது முத்தாயிக்குக் காகிதம் வந்தது. கிராணி உறையைக் கிழித்து, முதலில் தனக்குள்ளே ஒரு ஓட்டு ஓட்டினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "என் உயிருக்கு நிகரான அக்கா முத்தாயிக்குத் தங்கச்சி மீனம்மா எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் யாவரும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்துக்குக் காகிதம் போடவும். இந்த வருசம் கொஞ்சம் மழை உண்டு. பிள்ளைகள் சுகம். இப்படிக்கு மீனம்மா."

"அவ்வளவுதானா?" என்றாள் திரேசா. "ரெண்டு பக்கம் எழுதியிருக்கு?"

"எழுத்துப் பெரிசு," என்றார் கிராணி.

முத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்து பெரியதா சின்னதா என்று பார்க்கக் கண் இருந்தது. எறும்பு மாதிரி எழுத்து. சாயங்காலம் எல்லாரும் போகும்வரை சாக்குக் கட்டுகிற சாக்கில் நின்றாள்.

"இஞ்ச வா முத்தாயி," என்று கூப்பிட்டார் கிராணி. "மற்றதை ஆக்களுக்கு முன்னாலை வாசிக்கிறது சரியில்லை எண்டு விட்டனான். இப்ப கேள்."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசித்தார்.

"அக்கா, நீ சொல்லிவிட்டதாகச் சொல்லி உங்கள் முதலாளியின் ஆள் வந்து என்னைப் பார்த்தார். தைப்பொங்கலுக்கு முன்னமே இங்கே கொட்டகை போட்டுவிட்டார்கள். பங்குனியிலிருந்து நானும் இருபது பேரும் வேலைக்குப் போகிறோம். இதுவரை உள்ளூர்க் காய், இனி உங்கள் ஊர்க் காயும் வரப்போகிறதாம். நீ சொன்ன கூலிதான் கொடுக்கிறார்கள், ஒருவேளைச் சோறும் உண்டு. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறேன். முதல் பாக்கை நீ இருக்கும் திசையைக் கும்பிட்டுத்தான் உடைத்தேன். நீ செய்த உபகாரத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்."

கிராணி காகிதத்தை மடித்தார். அவள் அழுவதைப் பார்த்துத் தேற்ற நினைத்தார், பாவம்.

"உன்னாலை எண்டு நினைச்சு அழாதை. வரியாலையும் இல்லை. வரி வந்தது சித்திரையிலை. பேப்பரிலை பாத்து முதலாளிக்குச் சொன்னதே நான்தான். கொட்டில் தைப்பொங்கலுக்கு முதலே எழும்பிட்டுது எல்லோ? கூலி குறைஞ்ச இடத்துக்குப் போக அந்தாள் முதலே நினைச்சிட்டார். வரி பிறகு வந்த சாட்டு. வராட்டில் வேறை ஒரு சாட்டு சொல்லியிருப்பார்."

முத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, தைக்கு முன்னாடி என்னா மாசம்?"

"மார்கழி."

"அதுக்கு முன்னாடி?"

"கார்த்திகை. ஏன் கேக்கிறாய்?"

 கிராணிக்கு மெல்ல விளங்கியது. 'நீ சொன்ன கூலி' என்று தாமே வாசித்ததும் ஞாபகம் வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இடம் விசாரிச்சு மூண்டு கடிதம் போட்டது இந்தக் கைதான் முத்தாயி," என்றார். "எழுதச் சொன்னார், எழுதினனான். எனக்கும் நாலு பிள்ளையள்." 

இத்தனை நாள் கும்பிட்ட வரியும் அவளைக் கைவிட்டுவிட்டது. வரி கெட்டிக்காரத்தனமாக ஐந்து மாசம் கழித்து வந்திருக்கிறது. வேலையைக் கப்பல் ஏற்றி அனுப்பியது அவள் வாய்தான், அதுவும் கால் விலைக்கு.

கடைசி நாளன்று நல்ல வெயில். பாழாய்ப்போன வெயில், பதினெட்டுப் பாய் விரிக்கலாம், விரிக்கத்தான் காய் இல்லை. மிச்சம் கிடந்த பருப்பைச் சுற்றி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரேசா வழக்கம்போல் வரியைத் திட்ட ஆரம்பித்தாள். முத்தாயிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"வரியத் திட்டாதீங்கடி. என்னத் திட்டுங்க. நான்தான் சொன்னேன். கார்த்திகையிலயே மொதலாளிகிட்ட என் தங்கச்சி பேரக் குடுத்தேன். கால் கூலிக்கு வருவாளுகன்னு நான்தான் சொன்னேன். உங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டது நான்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பிறகு திரேசா கொல்லென்று சிரித்தாள்.

"அடியே! மொதலாளி உன்னக் கேட்டுத்தான் கப்பல் விடுறாராக்கும்? நீ பெரிய கவர்னர் பொண்டாட்டி!"

"போடி பைத்தியம்," என்றாள் இன்னொருத்தி. "பாசமா இருக்குறவ, துக்கத்துல ஒளறுறா. சோறு தின்னியா நீ?"

அவள் அடித்துச் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி அவள் வாயில் வெற்றிலையைத் திணித்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது முத்தாயிக்கு. கன்னத்தில் ஒரு அறை விட்டால் இன்னும் தேவலை. அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சொத்தைப் பாக்கைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒண்ணாந்தேதி காலையில் பஸ் திரும்புகிற முக்கில் தோட்டத்து லாரி வந்து நின்றது. நாலைந்து பெண்கள் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். அன்னம்மா தகரப்பெட்டியும் பாயுமாகக் கடைவாசல் ஐந்தடித் திண்ணைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். முத்தாயி போய் எதிரில் நின்றாள்.

"அக்கா..."

அன்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உன் தங்கச்சிக்கு எத்தினி புள்ளைங்க?"

"நாலு."

"இப்போ சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுதுங்களாம். பெரியவன் பள்ளிக்கூடம் போறானாம்."

"நல்லாருக்கட்டும்." நிஜமாகத்தான் சொன்னாள். குரலில் கசப்பு இல்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். மொதலாளிகிட்ட அதச் சொன்னப்போ நான் உன் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்?"

"ஆமா."

"என் நெனப்பு வந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். யார் கண்டது? முத்தாயியால் முடியவில்லை.

"வரலக்கா."

அன்னம்மா தலையாட்டினாள். எழுந்து பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு அக்காவா இரு. என்ன இனிமே அப்படிக் கூப்பிடாத."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மேலே இருந்தவர்கள் கைகொடுக்க, பெட்டியும் பாயும் அவளும் ஏறினார்கள். லாரி உறுமி நகர்ந்த பிறகுதான் முத்தாயி கண்டாள், கல்லின் மேல் ஒரு சுருக்குப்பை. அன்னம்மாவின் ஐசி, அந்த அடையாளச் சீட்டு, அதற்குள்தான் இருக்கும். கேட்டில் ஐசி காட்டாவிட்டால் போலீஸ் பிடித்து வைத்துவிடுவான். சந்தேகப்பட்டவர்களை எந்தக் கேம்புக்கு ஏற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டா ஏற்றுகிறார்கள்?

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அக்கா! அக்கா!"

அதைத் தவிர அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. லாரியில் இருந்த எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். அன்னம்மா திரும்பவில்லை. யாரோ ஒருத்தி டிரைவர் பக்கத்துத் தகரத்தைத் தட்ட, லாரி நின்றது. முத்தாயி மூச்சிரைக்க ஓடிவந்து, கறுத்த விரல்களில் பையைத் தூக்கி நீட்டினாள். கைக்கெட்டுகிற தூரத்தில் அன்னம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் விரலும் அதே கறுப்புத்தான்.

அன்னம்மா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னாள்:

"யாரோ குடுக்குறாங்க பாரு. வாங்கி வையி."

லாரி நியாலாஸ் ரோட்டில் போயிற்று. முத்தாயி வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். ரங்கசாமிக்கு இரண்டு மணிக்குக் காய் ஏற்றுகிற வேலை இருந்தது, அதற்குள் சோறு ஆக வேண்டும்.